வானத்தில் ஒரு 'புரிஞ்சுது சார்'

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் பாடத்தை முடித்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். புரியாதவன்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான். இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்போடு கழிந்துவிட்டால் பரவாயில்லை. சின்ன விமானத்தின் காக்பிட் வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது.

நான் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில், மேலே விமானம் போனால் பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டிய ஓர் அறையில், பைலட் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு ரேடியோவில் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடங்கள் செஸ்னா என்ற சின்ன விமானத்தில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தேன். சொந்த ஆசைக்காக பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்த டாக்டர்கள், பிசினஸ்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரோடும் பறந்திருக்கிறேன். யார் எப்படி இறக்கினார்கள் என்பதைவிட, யார் ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

ரேடியோவுக்கு ஒரு தனித் தேர்வு உண்டு. ஆர்டிஆர் என்போம். வெகுகாலம் அதைத் தொலைத்தொடர்புத் துறைதான் நடத்திவந்தது. 2025 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த பாரதீய வாயுயான் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்குப் போய்விட்டது. யார் நடத்தினாலும் நம் பிள்ளைகள் தயாராகிற விதம் ஒன்றுதான்: மனப்பாடம். மாதிரித் தாளில் இருக்கிற வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் ஏடிசி, அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துகிற கன்ட்ரோலர், ஒரே ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டால் முகம் வெளிறிவிடும்.

பெற்றோர் போனில் முதலில் கேட்பது, "பையன் இங்கிலீஷ்ல கொஞ்சம் வீக் சார், சமாளிச்சுடுவானா?" என்பதுதான். சமாளித்துவிடுவான். ரேடியோவில் அன்றாடம் புழங்கும் சொற்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி முடித்துவிடலாம். சர்வதேச மொழித்திறன் அளவில் ஆறு படிகள் இருக்கின்றன. நாலாவது படியைத் தொட்டாலே போதும். நான் பார்த்தவரை தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகள் ரேடியோவில் நன்றாகவே தேறுகிறார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். யூடியூபில் அமெரிக்க டவர் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர்களைத் திருத்தத்தான் நாளாகிறது. அங்கே ஃப்ரீக்வென்சி எண்ணின் நடுவில் 'பாயின்ட்' என்பார்கள், இங்கே 'டெசிமல்'. அங்கே காற்றழுத்தம் அங்குலக் கணக்கு, இங்கே ஹெக்டோபாஸ்கல். கடைசியில் 'வித் யூ' என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் ரெண்டு மாதத்தில் சரியாகிவிடும். காதில் விழாததை விழுந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஒரு மே மாதக் காலையை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோலர் "கியூஎன்எச் ஒன் ஜீரோ ஜீரோ த்ரீ" என்கிறார். கியூஎன்எச் என்றால் ஆல்டிமீட்டர் என்ற உயரம் காட்டும் கருவியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம். வெயில் காலத்தில் சென்னையில் காற்றழுத்தம் ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்பது சாதாரணம். ஆனால் பையன் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய எண் 1013. அது சர்வதேசத் தர அழுத்தம். பாடத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அதுதான் இருக்கும். வாய் தானாக "ஒன் ஜீரோ ஒன் த்ரீ" என்கிறது, விரல் தானாகக் குமிழைத் திருகி ஆல்டிமீட்டரில் 1013 வைக்கிறது. பத்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஒன்றுக்கு 27 முதல் 30 அடி என்று கணக்கு வைத்தால் முந்நூறு அடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். முள் 1,500 அடி காட்டும்போது அவன் நிஜத்தில் 1,200 அடியை ஒட்டிப் பறந்துகொண்டிருப்பான். பரங்கிமலையின் உயரமே சுமார் 300 அடிதான். ஒரு இலக்கத்தை மாற்றிக் கேட்டதில் ஒரு பரங்கிமலையே கணக்கில் காணாமல் போய்விட்டது.

அவன் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னால் தப்பித்தான். கன்ட்ரோலர் "நெகட்டிவ்" என்று குறுக்கிட்டுத் திருத்திவிடுவார். "ராஜர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவன் என்ன கேட்டான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் தப்பாகத் தெரியும். ராஜர் என்பதற்கு 'நீங்கள் சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றோ, சொன்னபடி செய்கிறேன் என்றோ ஆகாது. கியூஎன்எச், உயரம், திசை, வேகம், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் எண், புழக்கத்திலிருக்கும் ரன்வே, போகிற வழிக்கான அனுமதி, ரன்வேயில் நுழைவது, குறுக்கே கடப்பது, அதன் முன்னால் நிற்பது, ஏறுவது, இறங்குவது இவை அத்தனையும் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டியவை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் காற்றைத் துல்லியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ரன்வேக்கு முன்னால் நிற்கச் சொல்கிற 'ஹோல்ட் ஷார்ட்'டை விட்டுவிடுவார்கள்!

சென்னையில் இன்னொரு சிக்கல் கடற்காற்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று வரும், மேற்கு நோக்கிய 25 ரன்வே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே நுழையும், ரன்வே 07-க்கு மாறிவிடும். அதே தார்ச்சாலைதான், எதிர்ப்பக்கம். காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்து, 25-க்கான எல்லாத் திருப்பங்களையும் மனதில் ஓட்டிப்பார்த்துத் தயாராக இருக்கிற ஒருவர், விமானத்தில் ஏதோ சின்னக் கோளாறு பார்த்து முடித்து மதியம் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் "ரன்வே ஜீரோ செவன்" என்று தெளிவாகச் சொன்னாலும் இவர் வாயிலிருந்து "டூ ஃபைவ்" வந்துவிழும். காது எதிர்பார்த்ததைத்தான் கேட்கும். மனிதக் காதின் கோளாறு அது, படித்தவர் படிக்காதவர் பேதம் இல்லை. அதனால் நான் சொல்வது: மைக் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் விமான நிலையத்தின் காற்று, ரன்வே விவரங்களை ஒலிபரப்பும் ஏடிஐஎஸ் பதிவை மறுபடி ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் ஒரு எழுத்து உண்டு. அந்த எழுத்து மாறியிருந்தால் காலையில் எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளில் எழுதுங்கள். அடித்துத் திருத்தி மேலேயே எழுதினால் பழைய எண்தான் கண்ணில் படும்.

எழுதுவது என்றதும் ஞாபகம் வருகிறது. தொடையில் கட்டிக்கொள்கிற நீபோர்டில் எப்படி எழுத வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு முறை சொல்வார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு பெண் தமிழிலேயே குறிப்பெடுத்தாள். நிற்கச் சொன்னால் 'நி' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். கடக்கச் சொன்னால் 'க'. ஏறு என்றால் மேலே ஓர் அம்பு. முதலில் "இங்கிலீஷ்ல எழுதுமா" என்றுதான் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். சென்னை மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ரன்வேக்கள் இருக்கிற இடத்தில் அந்த வட்டம் போட்ட 'நி' ஒன்றே போதும், காசு கொடுத்து வாங்குகிற எந்த ஆப்பும் வேண்டாம்.

எண்கள் விஷயத்தில் உலகமே படித்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கலாம் என்பதை கன்ட்ரோலர் 'டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று சொன்னார். முதலில் வந்த 'டூ', காக்பிட்டில் '400-க்கு' என்பதன் 'க்கு'வாக விழுந்தது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பிழை யாருக்கும் பிடிபடவில்லை. விமானம் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அனுபவசாலிகள், பெரிய விமானம். அவர்களுக்கே இது நடக்கும் என்றால், தனியாக நாலாவது தடவை பறக்கிற பிள்ளைக்கு ஏன் நடக்காது? உயரத்தை 'டூ தௌசண்ட் ஃபோர் ஹன்ட்ரட்' என்று ஆயிரமும் நூறுமாகப் பிரித்துச் சொல்லச் சொல்வதும், முன்னால் 'ஆல்டிட்யூட்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வதும் வெறும் சம்பிரதாயத்துக்கு இல்லை. சந்தேகம் வந்தால் "சே அகெய்ன்" என்று கேட்க ரெண்டு விநாடி ஆகுமா?

ஆகாது. ஆனால் கேட்க மாட்டார்கள். கூச்சம். அந்த ஃப்ரீக்வென்சியில் இண்டிகோக்காரரும் ஏர் இந்தியாக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நாம் போய் மறுபடி கேட்டால் சின்னப்பையன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்த ஏர்லைன் கேப்டன்கள் நாளைக்குப் பல தடவை 'சே அகெய்ன்' கேட்கிறவர்கள்.

கூச்சம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை. ஊரும் பள்ளியும் வேண்டாம். என்னிடம் ரேடியோ படித்த ஒரு பையன், தனியாக ஊர்விட்டு ஊர் பறக்கிற பயிற்சி. மூட்டமான காலை. ஜிஎஸ்டி ரோட்டையும் ரயில் பாதையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கே போகவேண்டியவன். கிளம்பும்போது திசைகாட்டும் கைரோவைக் காம்பஸோடு ஒத்துப்பார்த்து வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே ஒதுங்கிக்கொண்டே போயிருக்கிறான். கீழே ஒரு பெரிய ஏரி தெரிந்தது. மேப்பில் அந்த நேரத்துக்கு வரவேண்டியது மதுராந்தகம் ஏரி. "ஓவர்ஹெட் மதுராந்தகம்" என்று சொல்லிவிட்டான்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே பூமி இருக்கிறதா, ஏரிக்கு நடுவில் ஊர்கள் மிதக்கின்றனவா என்று சந்தேகம் வரும். 'ஏரிக்கு மேலே இருக்கிறேன்' என்பது அங்கே ஒரு தகவலே இல்லை. மழைக்காலத்தில் குட்டைகூட ஏரி மாதிரி இருக்கும், மே மாதத்தில் மேப்பில் நீலமாக இருக்கிற ஏரி கிரிக்கெட் மைதானமாகி இருக்கும். அதனால் ஏரியைச் சொன்னால் கூடவே பக்கத்தில் இருக்கிற ரோட்டையோ ரயில் பாதையையோ மலையையோ பார்த்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை மைல் என்பதையும் சேர்க்க வேண்டும்.

கன்ட்ரோலருக்கு என்னவோ உதைத்திருக்கிறது. "கன்ஃபர்ம் மதுராந்தகம்?" என்று கேட்டார். இவன் "அஃபர்ம்" என்றான். அடுத்து அவர் இன்னொரு கேள்வி போட்டார்: நெடுஞ்சாலை தெரிகிறதா, எந்தப் பக்கம்? மதுராந்தகம் ஏரியை ஒட்டியே நெடுஞ்சாலை போகிறது. பையன் இடம் வலம் பார்த்தான். ரோடு இல்லை. கொஞ்ச நேரம் ஃப்ரீக்வென்சியில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான், "நெகட்டிவ் சார்... ஐ ஆம் அன்ஷ்யூர் ஆஃப் மை பொசிஷன்" என்றான். அந்த வாக்கியம் புத்தகத்தில் இல்லாமலே வந்தது. சார் போட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்கு மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் ஏறச் சொன்னார், டிரான்ஸ்பாண்டரில் ஐடென்ட் பட்டனை அழுத்தச் சொன்னார். திரையில் அடையாளம் பளிச்சிட்டது. உத்திரமேரூர்ப் பக்கம் இருந்தான். திசை கொடுத்து வீட்டுக்கு அழைத்துவந்தார்கள்.

மறுநாள் என்னிடம் வந்து சொன்னான்: "அவர் கன்ஃபர்ம்னு கேட்டப்பவே எனக்கு டவுட் வந்துடுச்சு சார். ஆனா ஒருதடவை மதுராந்தகம்னு சொல்லிட்டோம். மறுபடி மாத்திச் சொன்னா என்ன நினைப்பாங்கன்னு..." நான் திட்டவில்லை. வழி தவறினால் செய்யவேண்டியவை என்று பழைய பைலட்டுகள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: மேலே ஏறு, பேசு, ஒப்புக்கொள், சொன்னதைச் செய், எரிபொருளை மிச்சம் பிடி. மூன்றாவதாக இருப்பதைப் பாருங்கள். முதலில் ஏறச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. விமான ரேடியோ விஎச்எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆயிரம் அடியில் சுமார் 39 கடல்மைல் தூரம் எட்டினால், நாலாயிரம் அடியில் அதைப்போல இரண்டு மடங்கு எட்டும். ரேடாருக்கும் கண்ணில் படுவீர்கள்.

ஒப்புக்கொள்ளத் தயங்கினால் பெரியவர்களும் விழுவார்கள். 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியன்கா 52 என்ற போயிங் 707, கென்னடி விமான நிலையத்தில் இறங்க இடம் கிடைக்காமல் வெகுநேரம் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. விமானம் லாங் ஐலண்டில் விழுந்து, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் எழுப்பி அவசரத்தைச் சொல்லும் 'பான்-பான்' மூன்று தடவை, ஆபத்தைச் சொல்லும் 'மேடே' மூன்று தடவை உரக்கச் சொல்ல வைப்பேன். முதல் நாள் சிரிப்பார்கள். அந்த வார்த்தை வாய்க்குப் பழகியிருக்க வேண்டும். தேவைப்படுகிற நேரத்தில் நாக்கு வறண்டிருக்கும்.

மாட்டிக்கொண்ட மைக் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு விடுமுறை நாள், ஒரு சின்ன விமானத்தளம். இரண்டு நண்பர்கள். ஒருவர் லைசென்ஸ் வைத்திருப்பவர், இன்னொருவர் சும்மா கூட வந்தவர். கை மைக் இரண்டு சீட்டுக்கு நடுவில் விழுந்து பட்டன் அழுந்திக்கொண்டது. அவர்களுக்குத் தெரியாது. ஃப்ரீக்வென்சி என்பது தெருவுக்கு ஒரே குழாய். ஒருத்தர் குடத்தை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினால் மற்றவர்கள் காலிக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். கூடுவாஞ்சேரியில் மத்தியானம் எந்தக் கடையில் பிரியாணி என்பதில் ஆரம்பித்து, மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தச் செலவு வழியாக, "டவர்ல அந்த ஆள் இன்னைக்குக் கடுகடுன்னு இருக்கான்டா" என்பது வரைக்கும் அத்தனையும் டவரில் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. கடுகடு மனிதர் எதுவும் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசினாலும் இவர்களுக்குக் கேட்காது. இறங்குவதற்காகத் தளத்தைச் சுற்றிவரும் சர்க்யூட்டில் இருந்த இன்னொரு விமானம் நிலைமையைப் புரிந்துகொண்டு விலகிப்போனது. டவரிலிருந்து பச்சை விளக்கைக் காட்டினார்கள். பிரியாணிக்காரர்கள் டவர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. கூட வந்த நண்பர்தான், "இதென்னடா டிஎக்ஸ்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கு?" என்று ரேடியோவைக் காட்டினார். பேச்சு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. விமானம் ஓட்டத் தெரியாதவர் கண்ணில் அது பட்டது.

எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற ஃப்ரீக்வென்சி திடீரென்று அமைதியானால் முதலில் உங்கள் மைக்கைச் சந்தேகப்படுங்கள். ரேடியோவில் டிஎக்ஸ் அடையாளம் நிலையாக எரிகிறதா பாருங்கள். கை மைக் அதன் கொக்கியில் இருக்கிறதா, ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டன் வெளியே வந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விளக்குச் சைகைகளையும் மறக்காதீர்கள். பறக்கும்போது நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டு வரும் சிவப்பு என்றால் தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே.

இதோடு சேர்ந்ததுதான் இருவர் ஒரே சமயத்தில் பேசுவது. விமானங்கள் இன்னும் பழைய ஏஎம் முறையிலேயே பேசுகின்றன. இருவர் சேர்ந்து அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமாவது யாரோ அடிபட்டுப் போனார்கள் என்று நமக்குச் சொல்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபில் இரண்டு 747-கள் மோதி 583 பேர் இறந்தார்களே, அங்கே கடைசித் தடுப்பாக இருந்திருக்க வேண்டிய வார்த்தைகள் இப்படி ஒரு கீச்சில்தான் மறைந்துபோயின. அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, ஏற அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துகிறோம். மற்ற எல்லா நேரமும் 'டிபார்ச்சர்'. நிறைய பேர் இன்றும் "ரெடி ஃபார் டேக்-ஆஃப்" என்கிறார்கள். திருத்திக்கொள்ளுங்கள். புது ஃப்ரீக்வென்சிக்கு மாறியதும் உடனே பேசாமல் கொஞ்சம் காது கொடுங்கள். யாராவது கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்களா என்று தெரிந்த பிறகு அழுத்துங்கள். அழுத்தி அரை விநாடி கழித்து வாயைத் திறங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெயரின் முதல் எழுத்து போய்ச் சேராது.

பெயர் என்றால் கால்சைன். நம் நாட்டு விமானங்கள் எல்லாமே 'விக்டர் டேங்கோ'வில், அதாவது வி, டி என்ற எழுத்துகளில், ஆரம்பிப்பதால் முதல் இரண்டு எழுத்தால் எந்தப் பயனும் இல்லை. ஒரே பள்ளியின் விமானங்கள் ஒன்று 'கிலோ எக்கோ' என்றும் இன்னொன்று 'எக்கோ கிலோ' என்றும் முடிந்தால் ஒருத்தருக்கு வந்த அனுமதியை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு ஏறிவிட வாய்ப்பு இருக்கிறது. முழுப்பெயரைச் சொல்லுங்கள். கன்ட்ரோலர் சுருக்கின பிறகு நீங்கள் சுருக்கலாம், அவருக்கு முன்னால் கூடாது.

பதிலே வராவிட்டால்? பையன்கள் உடனே டிரான்ஸ்பாண்டரில் ரேடியோ வேலை செய்யவில்லை என்பதற்கான 7600 போடப் போவார்கள். பொறுங்கள். முக்கால்வாசி நேரம் ரேடியோ நன்றாகத்தான் இருக்கும். புது எண்ணை ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டு மாற்றுகிற பட்டனை அழுத்த மறந்திருப்பீர்கள். இல்லை, ஆடியோ பேனலில் காம் ஒன்றுக்குப் பதில் காம் இரண்டு தேர்வாகியிருக்கும். வால்யூமை யாரோ குறைத்து வைத்திருப்பார்கள். ஹெட்செட் ஜாக் பாதி வெளியே வந்திருக்கும், அதுவும் முழங்கால் இடிக்கிற பழைய செஸ்னாவில் அடிக்கடி. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து இரைச்சல் கேட்கிறதா பாருங்கள், கேட்டால் காது வேலை செய்கிறது. முந்தைய ஃப்ரீக்வென்சிக்குப் போய்க் கூப்பிடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு 7600. இதையெல்லாம் பார்க்கிற நேரத்தில் விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கன்ட்ரோலர் காத்திருப்பார், பூமி காத்திருக்காது.

பழகுவதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது முன்னால் இருக்கிற வண்டிகளின் நம்பரை உரக்கப் படியுங்கள். டேங்கோ நவம்பர் டூ டூ வந்தால் நம் மீனம்பாக்கத்து வண்டி. 3-ஐ 'ட்ரீ' என்றும் 5-ஐ 'ஃபைஃப்' என்றும் 9-ஐ 'நைனர்' என்றும் சொல்லிப் பழகுங்கள். பஸ்ஸில் என்றால் மெதுவாக, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அடுத்த கட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும். இருவரும் வேறு வேறு அறையில் உட்கார்ந்து போனில் பேசுங்கள். முகம் தெரியக் கூடாது. ஒருவர் டவர், ஒருவர் பைலட். டவர் நாலைந்து விஷயங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், பைலட் எழுதித் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறி, பைலட் வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்ல டவர் அதைப் பிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். டவராக இருப்பவர் நடுவில் ஒருமுறை எண்ணை மென்று விழுங்கிச் சொல்வார். அதற்கு 'சே அகெய்ன்' கேட்காமல் ஏதோ ஓர் எண்ணை அடித்துவிடுகிறவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். பேட்ச் ஆரம்பித்த முதல் வாரத்தில் பர்ஸோடு வருவது நல்லது.